அறுபதாம் நாள் காலை எட்டு மணி

வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணை வட்டாரத்தில் குடியிருந்து ஓ.எம்.ஆரில் வேலை பார்க்கிற நிறையப் பேருக்குச் சொந்த ஊர் திருச்சிக்குத் தெற்கே இருக்கிறது. ரயில் டிக்கெட் பற்றி அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் புத்தி ஒன்றே ஒன்றுதான்: சீக்கிரம் எடுத்துவிடு. இதில் தப்பில்லை. ஆனால் எதற்காகச் சீக்கிரம் என்று யாரும் கேட்பதில்லை. பணம் மிச்சமாகும் என்றா, படுக்க இடம் கிடைக்கும் என்றா? இரண்டும் வேறு வேறு காரணங்கள். எந்த டிக்கெட்டுக்கு எந்தக் காரணம் பொருந்தும் என்று பிரித்துப் பார்த்தால், முன்கூட்டி எடுத்தே ஆகவேண்டிய டிக்கெட்டுகள் நாம் நினைப்பதைவிடக் குறைவு என்பது தெரியும். அந்தக் கொஞ்சம் டிக்கெட்டுகளுக்கு வேண்டிய கவனமோ, நாம் இப்போது செலுத்துவதைவிட அதிகம். இந்தத் தடத்தில் எனக்கும் பிறருக்கும் டிக்கெட் எடுத்துப் பழகியதில் நான் வந்து சேர்ந்திருக்கிற முடிவு இது.

முதலில் பணத்தைப் பார்த்துவிடலாம். பாண்டியன், நெல்லை, பொதிகை எக்ஸ்பிரஸ்களில் ஸ்லீப்பர் கட்டணம் முன்பதிவு திறக்கும் நாளிலும் அதேதான், வண்டி கிளம்புவதற்கு முந்தைய வாரத்திலும் அதேதான். தட்கலில் எடுத்தால் அடிப்படைக் கட்டணத்தில் 30 சதவீதம் கூடும். அதற்கும் உச்சவரம்பு உண்டு: ஸ்லீப்பருக்கு 200 ரூபாய், மூன்றடுக்கு ஏ.சி.க்கு 400 ரூபாய். பிரீமியம் தட்கலை விட்டுவிட்டால், தாமதத்துக்கு ரயில்வே வசூலிப்பது இவ்வளவுதான். பிரான்ஸில் கதை வேறு. 1981-இல் பாரிஸ்–லியோன் தடத்தில் ஓடத் தொடங்கிய டி.ஜி.வி. அதிவேக ரயிலில் இருக்கையைப் பதிவு செய்யாமல் ஏற முடியாது; அதன் விலையும் விமான டிக்கெட்டைப்போல இடம் நிரம்ப நிரம்ப ஏறும். மாதங்களுக்கு முன் முப்பது யூரோவுக்குள் கிடைத்த இருக்கை, பயண நாள் நெருங்கும்போது நூறு யூரோவை ஒட்டி நிற்பது அங்கே சாதாரணம். ஆனால் அந்தப் பணத்தைக் கொடுக்கத் தயாராக இருப்பவருக்குக் கடைசி நாளிலும் பெரும்பாலும் இடம் இருக்கும். அங்கே கூட்டத்தை விலை வடிகட்டுகிறது. இங்கே விலை அசையாமல் நிற்பதால் அந்த வேலையை வரிசை செய்கிறது. பொங்கலுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை வண்டிக்குக் காலை எட்டு மணிக்கு முன்பதிவு திறந்து, டீ ஆறுவதற்குள் வெயிட்டிங் லிஸ்ட் விழுவதன் காரணம் இதுதான். நம் ஊரில் சீக்கிரம் எடுப்பதால் பணம் மிச்சமாவதில்லை. வரிசையில் முன்னே ஓர் இடம் கிடைக்கிறது, அவ்வளவே.

அந்த வரிசை எவ்வளவு நீளமாக இருக்கலாம் என்பதை ரயில்வே பலமுறை மாற்றிப் பார்த்திருக்கிறது. 2012-இல் 90 நாளாக இருந்த முன்பதிவுக் காலம் 120 ஆனது. 2013-இல் 60-க்கு இறங்கியது. 2015-இல் மறுபடி 120. 2024 நவம்பர் 1 முதல் பயண நாளைச் சேர்க்காமல் 60 நாள். இதைக் குறைத்தபோது ரயில்வே சொன்ன காரணம் கவனிக்கத்தக்கது: அத்தனை முன்னதாக எடுக்கும் டிக்கெட்டுகளில் சுமார் 21 சதவீதம் ரத்தாகின்றன, இன்னும் 4, 5 சதவீதம் பேர் ரத்தும் செய்யாமல் வண்டிக்கும் வருவதில்லை. நான்கு மாதம் முன்பே திட்டமிடும் ஒழுங்கானவர்களை இது தண்டிக்கிறது என்று அப்போது முணுமுணுப்பு எழுந்தது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான்கு மாதம் கழித்து லீவு கிடைக்குமா என்று உறுதியாகச் சொல்லக்கூடியவர்கள் குறைவு. மற்றவர்கள் எடுத்தது பயணத்தை இல்லை, ஒரு வாய்ப்பைத்தான். அந்த வாய்ப்புக்காகப் பூட்டி வைத்த படுக்கை, நிஜமாகவே போகவேண்டியவரை வெயிட்டிங் லிஸ்டில் நிறுத்தியது.

ஆகவே நான் முதலில் காலண்டரைத்தான் எடுப்பேன். பொங்கல், தீபாவளி, கோடை விடுமுறையின் தொடக்கமும் முடிவும், திங்களையோ வெள்ளியையோ ஒட்டி வரும் அரசு விடுமுறைகள் என்று வருஷத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய நாட்கள்தான் எட்டு மணி அலாரம் வைக்கவேண்டிய நாட்கள். சாதாரணச் செவ்வாய், புதன் இரவுகளுக்கு இந்தப் பதற்றம் தேவையில்லை. ஜனவரி 14 இரவு வண்டிக்கு நவம்பர் 15 காலை திறக்கும் என்று இந்த நாட்களை முன்கூட்டியே எண்ணி எழுதி வைத்துக்கொள்வது நல்லது. இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள்: போகும் டிக்கெட்டை எடுத்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். ஊருக்குப் போகிறவர்கள் மூன்று நான்கு நாட்களில் பிரிந்து போகிறார்கள். ஆபீஸ் திறப்பதற்கு முந்தைய இரவு அத்தனை பேரும் ஒரே நேரத்தில் திரும்புகிறார்கள். திரும்பும் டிக்கெட்தான் அரிது. அது திறப்பதோ அதற்குரிய அறுபதாவது நாளில், தனியாக. ஒரு நாள் லீவைக் கூட்டி ஞாயிறு இரவுக்குப் பதில் திங்கள் பகலில் வைகை எக்ஸ்பிரஸில் உட்கார்ந்து வர முடிந்தால், இந்தப் போட்டியிலிருந்தே விலகிவிடலாம்.

எட்டு மணிக்கு வெல்பவர் விரல் வேகத்தால் வெல்வதில்லை. முன்னிரவே எல்லாவற்றையும் முடிவு செய்து வைத்திருப்பார். பயணிகளின் பெயரும் வயதும் ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில் ஏற்கெனவே பதிந்திருக்க வேண்டும். ஆதார் சரிபார்ப்பு முடிந்திருக்க வேண்டும்; தட்கலுக்கு 2025 ஜூலையிலிருந்தும், பொது முன்பதிவின் தொடக்க நேரத்துக்கு அதே ஆண்டு அக்டோபரிலிருந்தும் அது கட்டாயம். முதல் வண்டி போய்விட்டால் அடுத்தது எது, ஸ்லீப்பர் போய்விட்டால் ஏ.சி.க்கு மாறுவதா என்பதை வீட்டில் அப்போது விவாதிக்கக் கூடாது. இன்னொன்று, நள்ளிரவு. தெற்கிலிருந்து வரும் வண்டியில் திருச்சியில் இரவு ஒரு மணிக்கு ஏறுகிறவருக்கு, பேச்சு வழக்கில் அது ஞாயிறு இரவு. டிக்கெட்டில் அது திங்கள். வண்டி முந்தைய நாளே கிளம்பிவிடுவதால் அந்த டிக்கெட்டுக்கான முன்பதிவும் ஒரு நாள் முன்னதாகத் திறந்துவிடும். அன்று பார்க்காதவர் மறுநாள் காலை மிச்சத்தைத்தான் பார்ப்பார்.

வேளச்சேரிக்காரர்களுக்கு எழும்பூரைவிடத் தாம்பரம் வசதி. மேடவாக்கம் வழியாகப் போய்ச் சேர்ந்துவிடலாம். மாலை நேரத்தில் நகருக்குள் நுழையவேண்டியதில்லை. அதனால் தாம்பரத்திலிருந்தே டிக்கெட் தேடுகிறார்கள். வண்டி கிளம்பும் நிலையத்துக்கும் நடுவில் நிற்கும் நிலையங்களுக்கும் இட ஒதுக்கீடு ஒரே மாதிரி இருப்பதில்லை என்பதை இங்கே நினைவில் வைக்கவேண்டும். தொடக்க நிலையத்திலிருந்து கடைசி நிலையம்வரையிலான பொது ஒதுக்கீட்டில்தான் படுக்கைகள் அதிகம். வெயிட்டிங் லிஸ்ட் நகர்வதும் அதில்தான் வேகம். நடு நிலையங்களுக்கான சிறு ஒதுக்கீட்டில் சிக்கினால் நகர்வது கஷ்டம். எழும்பூரிலிருந்து எடுத்துவிட்டு, ஏறும் நிலையமாகத் தாம்பரத்தைப் பதிவின்போதே குறித்துவிடலாம். கூடுதல் தூரம் 25 கிலோமீட்டர்தான், கட்டண வித்தியாசம் பெரிதாக இருக்காது. அப்படிக் குறித்த பிறகு எழும்பூரில் ஏறும் உரிமை இல்லை என்பதை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

இவ்வளவு மெனக்கெடுவதற்கு இரண்டு வண்டியில் எடுத்துவிட்டு ஒன்றை ரத்து செய்தால் போகிறது என்பார்கள். செலவை மட்டும் வைத்துப் பார்த்தால் அது கட்டுப்படியாகிற யோசனைதான்: 2015 நவம்பரில் உயர்த்தி வகுத்த கணக்குப்படி, இரண்டு நாளுக்கு மேல் இருக்கும்போது ரத்து செய்தால் ஓர் ஆளுக்கு ஸ்லீப்பரில் 120 ரூபாய், மூன்றடுக்கு ஏ.சி.யில் 180 ரூபாய் பிடிப்பார்கள். நான்கு பேர் குடும்பம் ஸ்லீப்பரில் 480 ரூபாய்க்கு மன நிம்மதி வாங்கிவிடலாம். நான் இதை ஏற்காததற்குக் காரணம் அந்த 480 ரூபாய் இல்லை. விலையால் வடிகட்டாத ஓர் அமைப்பு நியாயமாக நடக்கவேண்டுமானால், வரிசையில் ஒருவர் ஓர் இடத்தில்தான் நிற்கவேண்டும். இரண்டு வண்டியில் இடம் பிடித்தவரின் நான்கு படுக்கைகள், பயணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போதுதான் திரும்பி வருகின்றன. அதற்குள் அந்தப் படுக்கைகள் கிடைக்காத நான்கு பேர் ஆம்னி பஸ்ஸில் பணத்தைக் கட்டியிருப்பார்கள்.

அப்படியானால் பிரான்ஸைப்போல விலையையே ஏறவிட்டால் இந்தத் தள்ளுமுள்ளு ஓய்ந்துவிடாதா என்பது இதைவிட வலுவான கேள்வி. அதை நாம் சின்ன அளவில் செய்து பார்த்தாயிற்று. 2016 செப்டம்பர் 9 முதல் ராஜதானி, சதாப்தி, துரந்தோ வண்டிகளில் ஒவ்வொரு 10 சதவீத இடம் விற்றதும் அடிப்படைக் கட்டணம் 10 சதவீதம் ஏறும்படி செய்தார்கள். வருமானம் 552 கோடி ரூபாய் கூடியது என்று 2018-இல் வந்த தணிக்கை அறிக்கை சொன்னது. முந்தைய ஆண்டின் அதே காலத்தில் 2.47 கோடியாக இருந்த பயணிகள் 2.40 கோடியாகக் குறைந்ததையும் அதே அறிக்கைதான் சொன்னது. அந்த ஆண்டு அக்டோபரில், பாதிகூட நிரம்பாத 15 வண்டிகளில் இந்த ஏற்பாட்டையே விலக்கிக்கொண்டார்கள். சதாப்தி பயணிக்கு விமானமோ காரோ மாற்றாக இருந்தது, இறங்கிப் போனார். நெல்லை எக்ஸ்பிரஸ் பயணிக்கு மாற்று ஆம்னி பஸ். பொங்கல் வாரத்தில் அதன் விலை ஏறுகிற ஏற்றம் எல்லோருக்கும் தெரியும். விலை வடிகட்டும் கதவு ஒன்று ஏற்கெனவே சாலையில் திறந்திருக்கும்போது, தண்டவாளத்திலாவது நேரத்துக்கு மதிப்பு இருக்கட்டும். எட்டு மணி வரிசை அழகானதில்லை. செல்போனும் வேகமான இணையமும் இருப்பவருக்கு அதில் சாதகம் என்பதும் உண்மை. ஆனாலும் கடைசி வார விலையைக் கொடுக்க முடியாத ஒருவருக்கு அதில் இன்னும் ஒரு வாய்ப்பு இருக்கிறது.

அறுபது நாள் முன்பே லீவு தெரியாதவர்கள் என்ன செய்வது? ஷிப்டில் வேலை பார்க்கிறவர்கள், கடையில் நிற்கிறவர்கள், கட்டட வேலைக்காரர்கள் எல்லாம் இந்த வகை. அவர்களிடம் முன்பதிவின் பெருமையைப் பேசிப் பயனில்லை. தாம்பரத்திலிருந்து தெற்கே போகும் அந்த்யோதயா வண்டி முழுக்க முன்பதிவில்லாத பெட்டிகளோடு 2018 முதல் ஓடுகிறது, அது அவர்களுக்கான வண்டி. கொஞ்சம் திட்டமிட முடிந்தவர்களுக்கு இன்னும் இரண்டு வழி. அரசு விரைவுப் பேருந்தின் முன்பதிவுக் காலம் 2024 இறுதியிலிருந்து 90 நாள். ரயிலுக்கு ஒரு மாதம் முன்பே திறந்துவிடுகிறது. அடுத்தது சார்ட். முன்பு வண்டி கிளம்ப நான்கு மணி நேரம் இருக்கும்போது வந்த சார்ட், 2025 முதல் குறைந்தது எட்டு மணி நேரம் முன்பே வருகிறது. வெயிட்டிங் லிஸ்டில் நிற்கும் இ-டிக்கெட் தானாக ரத்தாகிவிட்டதா, ஆர்.ஏ.சி.யில் பாதிப் படுக்கையாவது கிடைத்ததா என்பது இரவு வண்டிக்கு மதிய வாக்கிலேயே தெரிந்துவிடும். பஸ்ஸுக்குக் கிளாம்பாக்கம் போவதா, ரயிலுக்குத் தாம்பரம் போவதா என்பதை மூட்டை முடிச்சோடு பிளாட்பாரத்தில் நின்று முடிவு செய்யவேண்டிய நிலை இப்போது இல்லை.

பிள்ளைகளைப் பார்க்கவோ சுற்றிப் பார்க்கவோ பிரான்ஸ் போகிறவர்கள் வேளச்சேரியிலும் கூடி வருகிறார்கள். நம் ஊர்ப் பழக்கத்தை அப்படியே அங்கே கொண்டுபோனால் இரண்டு பக்கமும் நஷ்டம். அங்கே தினமும் ஒரு நாள் நகரும் அறுபது நாள் கணக்கு கிடையாது. கோடைக்கு, கிறிஸ்துமஸுக்கு என்று பருவம் பருவமாகத் திறக்கிறார்கள், மலிவான இருக்கைகள் முதலில் போகும். நமக்கு இடையில் நிற்பது விசா. பயணத்துக்கு ஆறு மாதம் இருக்கும்போதே ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம், முடிவுக்குப் பொதுவாக 15 நாள் என்று சொல்கிறார்கள்; எனவே விண்ணப்பத்தை எவ்வளவு முன்னே தள்ளுகிறோமோ அவ்வளவு மலிவாக ரயில் கிடைக்கும். விசா வருவதற்கு முன்பே வாங்கியாகவேண்டும் என்றால், பணம் திரும்பாத ஊய்கோ மலிவு வண்டியைத் தவிர்த்து, புறப்படச் சில நாள் முன்வரை ரத்து செய்ய இடம் தரும் இனுய் டிக்கெட்டை எடுக்கலாம். நம் வங்கி அட்டைகளில் வெளிநாட்டு ஆன்லைன் பரிவர்த்தனை 2020 ரிசர்வ் வங்கி விதிப்படி தானாகத் திறந்திருக்காது. அதை முந்தைய நாளே திறந்து வைக்கவேண்டும். டி.ஜி.வி.யைத் தவிர மற்றவற்றுக்கு இந்த அவசரம் கூடாது. டி.இ.ஆர். என்ற வட்டார ரயில்களில் பெரும்பாலும் ஒரே விலை, இருக்கை எண்ணும் இல்லை. பாரிஸிலிருந்து லியோனுக்கு இங்கிருந்தே, விசா கையில் வந்த அன்றே வாங்குங்கள். லியோனிலிருந்து அன்சி ஏரிக்குப் போகும் டிக்கெட்டை அந்த ஸ்டேஷன் மெஷினில், மழை இல்லை என்று பார்த்துக்கொண்டு, அன்று காலையே எடுக்கலாம்.