பக்கத்து ஊரோடு சேர்ந்து பேரிடரை எதிர்கொள்வோம்: ஜப்பான் தரும் பாடம்

புயலோ வெள்ளமோ வந்தால் நம் நினைவுக்கு முதலில் வருவது நிவாரணம்தான். அரிசி, போர்வை, பால் பவுடர் எல்லாம் தேவைதான். ஆனால் எந்த ஊரை யார் பார்த்துக்கொள்வது என்று முன்கூட்டியே பேசி வைக்காவிட்டால் என்ன நடக்கும்? லாரி நிற்கும் மெயின் ரோட்டோரத்தில் பொருள் குவியும். உள்ளே இருக்கும் குடியிருப்புக்கு ஒரு பொட்டலம்கூடப் போய்ச் சேராது. இந்தச் சிக்கலுக்கு ஜப்பானின் மாகாண அரசுகள் கண்ட வழியை இந்த இதழில் படிப்போம்.

கூட்டமைப்பு பிறந்த விதம்

1995 ஜனவரி 17 அதிகாலையில் கோபே நகரையும் அதன் சுற்றுப்பகுதியையும் பெரும் பூகம்பம் தாக்கியது. 6,400-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இடிபாடுகளிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டவர்களில் பெரும்பாலோரை வெளியே எடுத்தவர்கள் குடும்பத்தாரும் அண்டை வீட்டாரும்தான். எவ்வளவு வசதியான ஊராக இருந்தாலும் தனியாக நின்று சமாளிக்க முடியாது என்பது அன்று தெரிந்தது.

2010 டிசம்பரில் ஒசாகா, கியோட்டோ, ஹியோகோ, ஷிகா, வகயாமா, டோட்டோரி, டோகுஷிமா ஆகிய 7 மாகாணங்கள் ‘கன்சாய் கூட்டமைப்பு’ என்ற பொது அமைப்பை உருவாக்கின. வேலைகளைத் தங்களுக்குள் பிரித்துக்கொண்டன. கோபே அமைந்துள்ள ஹியோகோ பேரிடர் பொறுப்பை ஏற்றது. டோகுஷிமா மருத்துவத்தையும் ஷிகா சுற்றுச்சூழலையும் எடுத்துக்கொண்டன. மருத்துவ ஹெலிகாப்டர்களையும் கூட்டாக இயக்கத் தொடங்கினர். ஒவ்வொரு மாகாணமும் தனித்தனியே எல்லாவற்றையும் வாங்கி வைக்க வேண்டிய கட்டாயம் குறைந்தது.

‘உனக்கு நான்’ என்ற ஏற்பாடு

கூட்டமைப்பு தொடங்கி 4 மாதங்கூட ஆகவில்லை. 2011 மார்ச் 11 அன்று வடகிழக்கு ஜப்பானைப் பூகம்பமும் சுனாமியும் தாக்கின. கன்சாய் ஆளுநர்கள் மார்ச் 13 அன்றே கூடி, யார் எங்கே உதவுவது என்று முடிவு செய்தார்கள். இவாத்தே மாகாணத்துக்கு ஒசாகாவும் வகயாமாவும். மியாகிக்கு ஹியோகோ, டோட்டோரி, டோகுஷிமா. ஃபுகுஷிமாவுக்குக் கியோட்டோவும் ஷிகாவும்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது, அவர்கள் யாரும் கேட்கும்வரை காத்திருக்கவில்லை என்பதே. இவாத்தேயின் ஓட்சுச்சி நகரில் மேயரும் நகராட்சி ஊழியர் பலரும் சுனாமியில் இறந்துபோனார்கள். உதவி கேட்டுக் கடிதம் எழுதக்கூட ஆளில்லாத ஊர் எப்படிக் கேட்கும்? அதிகம் பாதிக்கப்பட்ட இடத்திலிருந்துதான் குரல் குறைவாக வரும். இன்ன இடம் இன்னாருடைய பொறுப்பு என்று ஒதுக்கிவிட்டால், அவர்களே தேடிப்போய்ப் பார்ப்பார்கள். முதல் வாரம் பொருள் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடாமல், முகாம் நிர்வாகம், மருத்துவம், பிறகு மறுசீரமைப்பு என்று தொடர்ந்து ஆட்களை அனுப்பினார்கள். சீனாவும் 2008 சிச்சுவான் பூகம்பத்துக்குப் பிறகு இப்படி ஒரு மாகாணத்துக்கு ஒரு பகுதி என்று ஒதுக்கியிருந்தது.

மேட்டு ஊரும் பள்ளத்து ஊரும்

கூடி வேலை செய்வது எப்போதும் எளிதல்ல. ஷிகாவிலுள்ள பிவா ஏரியின் நீர் ஆறாக ஓடி, கியோட்டோவைக் கடந்து ஒசாகாவில் கடலைச் சேருகிறது. ஏரியின் வாயிலில் செட்டா மதகு இருக்கிறது. பெருமழையில் மதகை மூடினால் கீழே உள்ள நகரங்கள் தப்பும். ஏரிக்கரை ஊர்களில் நீர் ஏறும். திறந்தால் நிலைமை தலைகீழ். நீண்ட காலம் நீடித்த இந்த இழுபறிக்குப் பிறகு 1992-ல்தான் மதகை இயக்க எழுத்துபூர்வ விதிமுறை வந்தது. பருவநிலை மாறி, மழை குறைந்த நேரத்தில் கொட்டித் தீர்க்கும் இக்காலத்தில் இத்தகைய ஒப்பந்தம் இன்னும் அவசியமாகிறது.

நமக்கும் இது புதிதல்ல. 2015 டிசம்பரில் காஞ்சிபுரம் மாவட்டத்து ஏரிகளின் உபரிநீர் அடையாற்றில் சேர்ந்து சென்னைக்குள் புகுந்ததைப் பார்த்தோம். ஏரி ஒரு மாவட்டத்தில், வெள்ளம் இன்னொரு மாவட்டத்தில்.

நாம் செய்யக்கூடியவை

அரசு செய்ய வேண்டியதை அரசுதான் செய்ய வேண்டும். ஆனாலும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் நம் அளவில் செய்ய முடிந்தவை சில உண்டு.

1. நம் ஜமாஅத்தும் சற்றுத் தொலைவிலுள்ள இன்னொரு ஜமாஅத்தும் ‘உங்களுக்கு நாங்கள், எங்களுக்கு நீங்கள்’ என்று பேசிவைப்பது. ஒரே தெருவில் இருவரும் இருந்தால் இருவரும் சேர்ந்தே மூழ்குவோம்; ஆகவே தொலைவு முக்கியம்.

2. தனியாக வாழும் முதியோர், கர்ப்பிணிகள், மாற்றுத்திறனாளிகள், டயாலிசிஸ் செய்துகொள்வோர் யார் யார் என்று தெருவாரியாகப் பட்டியல் எடுப்பது. பட்டியலில் எல்லாச் சமயத்தாரும் இருக்க வேண்டும்.

3. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, போய் அழைத்து வர வேண்டியவரின் பெயரையும் எழுதுவது.

4. நம் பகுதிக்கு நீர் எந்த ஏரியிலிருந்து, எந்தக் கால்வாய் வழியாக வருகிறது என்று தெரிந்துகொண்டு, அதைத் தூர்வாரும்படி மேலே உள்ள ஊராரோடு சேர்ந்து மனு கொடுப்பது.

இன்றிரவு வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ஒரு கேள்வியைப் பேசிப் பாருங்கள்: நம் தெருவில் உதவி கேட்டுக் குரல்கொடுக்க முடியாதவர் யார்? அவர் வீட்டுக் கதவைத் தட்டப்போவது நம்மில் யார்?