வாசல் பந்தலுக்கு எந்த மரம்?

கேள்வி: ஸ்ரீவைகுண்டத்தில் ஆற்றோரம் வீடு. வாசல் பந்தலுக்கு மழை தாங்கும் மரம் எது?

பதில்: தேக்கு என்பார்கள். சரிதான், அதிலுள்ள எண்ணெய்ப்பசையால் ஈரமும் கரையானும் எளிதில் அண்டா. ஆனால் அந்தப் பெருமை நடுவிலுள்ள வைரத்துக்கு மட்டுமே. வெளிறிய வெளிப்பகுதி தேக்கிலும் உளுத்துப்போகும். பெயரைக் கேட்டு வாங்குவதைவிட நிறத்தைப் பார்த்து வாங்குவது மேல்.

தேக்கு கைக்கு எட்டாவிட்டால் முற்றிய பனை. இதில் கணக்கு தலைகீழ்: வைரம் வெளிச்சுற்றில், நடுவில் வெறும் சோறு. தூத்துக்குடிப் பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகளில் கூரையைத் தாங்கியது பனங்கைதான்.

எந்த மரமானாலும் தூணின் அடியை மண்ணில் புதைக்கக் கூடாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது, ஸ்ரீவைகுண்டமும் வெள்ளத்தில் சிக்கியது. கான்கிரீட் பீடத்தில் இரும்புப் பட்டி பதித்துத் தூணை உயர்த்தி நிறுத்தினால் அடிப்பகுதி சீக்கிரம் காயும். வெட்டுமுகம்தான் அதிகம் நீர் உறிஞ்சும். அங்கே மரத்துக்குப் பூசும் எண்ணெயை இரண்டு மூன்று முறை பூச வேண்டும்.