சிக்கனமாகச் சண்டைமீன் வளர்த்தல்

உடுவிற் பகுதிக் கமக்காரருக்கு

வெங்காயம், மிளகாய், நெல் என்பன பற்றிப் பேசும் பிரசுரங்களுக்கிடையே ஓர் அலங்கார மீனுக்கு இடம் எதற்கு எனக் கமக்காரர் வினவுதல் கூடும். பிள்ளைகளின் வேண்டுதலுக்கிணங்கிக் கடையிலிருந்து ஒரு சிறு பொலித்தீன் பையில் சண்டைமீன் வாங்கிவரும் வழக்கம் நமது வீடுகளிலும் உண்டு. வாங்கிய மீன் பெரும்பாலும் ஒரு மாதத்துள் இறந்துவிடுகின்றது. கண்ணாடித் தொட்டியும் மின்கருவிகளும் வாங்க வசதியின்மையாலேயே மீன் மாண்டது எனப் பெற்றோர் கருதுகின்றனர். அது தவறான எண்ணம். பணக் குறைவினால் இம்மீன் இறப்பது அரிது. நீரைப் பற்றிய அறிவுக் குறைவினாலேயே இறக்கின்றது. நீரைப் பற்றியோ, தோட்டக்காரருக்கு ஏற்கெனவே பாதி தெரியும்.

மீனின் இயல்பு

பிள்ளைகள் ‘பைற்றர்’ என்றழைக்கும் இம்மீன் நெல்வயலுக்கு அந்நியமானதன்று. இதன் தாயகம் தாய்லாந்து. அங்குள்ள வயல்களிலும் வாய்க்கால்களிலும் ஆழமற்ற சதுப்பு நீரிலும் இது வாழ்கின்றது. இன்று வழங்கும் விஞ்ஞானப் பெயரை 1910ஆம் ஆண்டில் றீகன் என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி இதற்கு இட்டார். 2019ஆம் ஆண்டில் தாய்லாந்து அரசு இதனைத் தனது தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது.

நீர்மட்டத்துக்கு வந்து காற்றை நேராகச் சுவாசிக்கும் உறுப்பொன்று இதன் தலையில் உண்டு. நமது பனையேறிக் கெண்டைக்கும் அத்தகைய உறுப்பு உளது. ஆதலின் நீருள் காற்றுக் குமிழி விடும் கருவி இதற்கு வேண்டியதில்லை. ஆயின் இவ்வுறுப்பே இம்மீனுக்குக் கேடாகவும் முடிந்தது. காற்றைக் குடித்து வாழும் மீன்தானே என்று எண்ணி, அரைப் போத்தல் நீரில் இதனை அடைத்துவைப்போர் பலர். காற்று கிடைத்தாலும் கழிவு நிறைந்த நீர் செவுளை எரிக்கும். செட்டைகளை அழுகச் செய்யும். வயலில் ஆழம் குறைவாயினும் பரப்பு பெரிது என்பதை மறத்தலாகாது.

ஆண்மீன்கள் இரண்டை ஒரே கலத்தில் இடலாகாது. ஒன்று மற்றதைக் கடித்துக் குதறும். ஆணையும் பெண்ணையும் நிரந்தரமாக ஒருங்கே வைத்தலும் நன்றன்று. ஒரு வீட்டுக்கு ஒரு மீன் போதும். செவ்வையாகப் பேணினால் 3 ஆண்டளவு உயிர்வாழும்.

எதனை வாங்க வேண்டாம்

26 முதல் 28 பாகை செல்சியசு வரையான வெப்பம் இம்மீனுக்கு உகந்தது. குளிர் நாடுகளில் இதன்பொருட்டு மின்சூடாக்கி வாங்குகின்றனர். யாழ்ப்பாணத்தில் அச்செலவு வேண்டா. மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்று வீசும் இரவுகளில் மட்டும் கலத்தை விறாந்தையிலிருந்து உள்ளே எடுத்துவைத்தல் வேண்டும். சித்திரை வெயிலில் நிழல் வேண்டும். வண்ணக் கற்கள், பிளாத்திக்குச் செடிகள், மின்விளக்கு என்பனவும் வீண்செலவே. பிளாத்திக்கு இலையின் கூரிய விளிம்பு ஆண்மீனின் நீண்ட செட்டையைக் கிழித்துவிடும்.

வாய் ஓர் அடி அகலமும் முக்கால் அடி ஆழமும் உள்ள உருண்டைக் கலம் ஏறக்குறைய 15 லீற்றர் நீர் கொள்ளும். மண்சாடி, பழைய பிளாத்திக்கு வாளி, வெடிப்பற்ற பீங்கான் தொட்டி எதுவாயினும் ஆகும். பத்து லீற்றருக்குக் குறைந்த கலம் வேண்டாம். செம்பு, பித்தளைப் பாத்திரங்களை ஒருபோதும் பயன்படுத்தலாகாது. சிறிதளவு செம்பு கரைந்தாலும் மீனுக்கு நஞ்சாகும். உரமோ கிருமிநாசினியோ வந்த வாளியை எத்தனை முறை கழுவினாலும் இதற்குக் கொள்ளற்க. புதிய சீமெந்துத் தொட்டியாயின் அதிலிருந்து சுண்ணாம்பு கசியும். வாழைத்தண்டுத் துண்டுகளை இட்டு நீர் நிரப்பி, சில நாளுக்கொருமுறை நீரை மாற்றி, இரண்டு மூன்று கிழமை சென்றபின்னரே மீனை விடுதல் வேண்டும்.

இம்மீன் துள்ளும். பழைய நுளம்புவலைத் துண்டொன்றைக் கலத்தின் வாயிற் கட்டினால் துள்ளலுக்கும் பூனைக்கும் மீன்கொத்திக்கும் ஒருங்கே காவலாகும். நீர்மட்டத்துக்கும் வலைக்குமிடையே இரண்டங்குல இடைவெளி விடுக.

உடுவில் நீரின் தன்மை

உடுவிலின் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல் உளது. ஆறில்லாத நமது குடாநாட்டில் மழைநீர் அக்கல்லினூடே இறங்கித் தங்குவதே கிணற்று நீர். அதனால் நமது நீர் வன்னீர். கேத்திலின் அடியிற் படியும் வெண்படையே அதற்குச் சான்று. சண்டைமீன் மென்னீரில் தோன்றியதாயினும் வன்னீருக்கும் பழகிக்கொள்ளும். ஆதலின் கிணற்று நீரை ஒதுக்க வேண்டியதில்லை. ஆயினும் அதில் ஒரு சூழ்ச்சி உண்டு. அதனைச் சிறிது விரித்துரைத்தல் அவசியம்.

தோட்டத்தில் இட்ட யூரியா முதலில் அமோனியாவாகவும், பின்னர் நைத்திரைற்றாகவும், முடிவில் நைத்திரேற்றாகவும் மாறுவதைக் கமக்காரர் கேள்வியுற்றிருப்பர். மண்ணிலுள்ள பற்றீரியாக்களே இவ்வேலையைச் செய்கின்றன. மீன்கலத்திலும் இதுவே நிகழ்கின்றது. மீனின் கழிவும், தின்னாது விடப்பட்ட தீனும் அமோனியாவைத் தருகின்றன. புதிய கலத்தில் அப்பற்றீரியாக்கள் இல்லை; அவை பெருக 4 முதல் 6 கிழமை வரை செல்லும். வாங்கிய மீன் முதல் மாதத்தில் இறப்பதன் மருமம் இதுவே. இனி, அமோனியா எல்லா நீரிலும் ஒரே அளவில் கொல்வதில்லை. நீரின் பீ.எச். பெறுமானம் 7 ஆக இருக்கும்போது உள்ள நச்சுப் பங்கு, 8 ஆகும்போது ஏறக்குறைய 9 மடங்காகின்றது. சுண்ணாம்புக்கல் நீர் பெரும்பாலும் இவ்வுயர்ந்த பக்கத்தையே சாரும். வேறோர் ஊரில் ஒரு கிழமை தாங்கக்கூடிய அழுக்கு நமது ஊரில் இரண்டு நாளில் மீனைக் கொன்றுவிடலாம். போத்தலில் மீன் வளர்த்தல் எங்கும் தவறு. உடுவிலில் அது பெருந்தவறு.

இதற்குரிய பரிகாரம் செலவற்றது. முதல் ஒன்றரை மாதம் இரண்டு நாளுக்கொருமுறை கலத்து நீரில் ஐந்திலொரு பங்கை எடுத்துவிட்டுப் புதுநீர் சேர்க்க வேண்டும். பின்னர் கிழமைக்கு ஒருமுறை நான்கிலொரு பங்கு மாற்றினாற் போதும். முழு நீரையும் ஒரே வேளையில் மாற்றிக் கலத்தைத் தேய்த்துக் கழுவுவோர் தாம் வளர்த்த பற்றீரியாக்களைத் தாமே அழிக்கின்றனர். இதனை எழுதுபவரும் தமது முதல் மீனை இவ்வாறான அளவிறந்த துப்புரவினாலேயே இழந்தார்.

சேர்க்கும் நீரை முதல்நாளே அகன்ற வாளியில் எடுத்து வெளியில் வைத்திடுக. வெள்ளத்தின் பின்னர் கிணற்றுக்கு வெளிற்றும் தூள் இடப்பட்டிருப்பின் குளோரீன் மணம் முற்றாக நீங்கும்வரை அந்நீர் ஆகாது. மாரி மழையில் நீர் பிடித்துக் கிணற்று நீருடன் சரிபாதி கலந்தால் மீன் மேலும் நலமுறும். கூரை கழுவி வரும் முதல் மழையை விட்டுவிடுதல் வேண்டும். புதிய தகரக்கூரை நீரில் நாகம் கலப்பதால் அது வேண்டாம். தனி மழைநீரும் நன்றன்று.

கங்குன் கீரைத் தண்டு இரண்டை வேர் நீருள் தொங்குமாறு விளிம்பிற் செருகினால் அது அமோனியாவையும் நைத்திரேற்றையும் உண்டு வளரும்; மீனுக்கு மறைவிடமுமாகும். நாட்டு வாதுமையின் உலர்ந்து தானே உதிர்ந்த இலையொன்றைக் கழுவி இடுதல் தாய்லாந்தில் மீன் வளர்ப்போர் கைக்கொள்ளும் முறை. நீர் தேநிறமாவது கண்டு அஞ்ச வேண்டாம். கடற்கரையிற் பொறுக்கிய சிப்பியும் சுண்ணாம்புக்கல்லும் நீரை மேலும் வன்மையாக்கும். நீலப் பூப் பூக்கும் ஆகாயத்தாமரையைக் கொண்டுவருதல் கூடாது. அதனை ஒழிப்பதற்கென 1909ஆம் ஆண்டிலேயே இந்நாட்டிற் சட்டம் இயற்றப்பட்டது.

கலத்திலிருந்து எடுத்த நீரை மிளகாய், கத்தரி நாற்றுகளுக்கு ஊற்றுக. அது இலேசான பசளை நீரே. உப்போ மருந்தோ இட்ட நீரை மட்டும் பயிருக்கு விடலாகாது.

கிருமிநாசினியும் கையும்

தோட்டக்கார வீட்டு மீனுக்குத் தனியான ஓர் ஆபத்து உண்டு. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் தெளிக்கும் பூச்சிகொல்லிகளுட் பல, மனிதருக்கு உடனடித் தீங்கு தோன்றாத அளவிலேயே மீனைக் கொல்லக்கூடியவை. தெளித்துவிட்டு வந்த கையை நீரில் இடலாகாது. சவர்க்காரமிட்டுக் கழுவி, உடைமாற்றிய பின்னரே கலத்தருகே செல்லுதல் வேண்டும். நுளம்புக்கு அடிக்கும் விசிறலுக்கும் இது பொருந்தும். தலையில் எண்ணெய் தேய்த்த கையும் கேடு செய்யும். நீர்மட்டத்தில் எண்ணெய்ப் படலம் பரவினால் மேல்வந்து காற்றெடுக்கும் மீன் இடருறும்.

தீன்

சண்டைமீன் ஊனுண்ணி. சோறும் பாண் துணிக்கையும் அதற்கு உணவல்ல. அவை நீரைப் புளிக்கச் செய்யும். அதன் வயிறு அதன் கண்ணளவே என்று கொள்க. சிறிய பொதித் தீன் ஒன்று பல மாதம் வரும். காலையில் இரண்டு மூன்று மணிகள், மாலையில் அவ்வளவே போதும். கிழமைக்கொருநாள் பட்டினி விடலாம். கிருமிநாசினி படாத பாத்தியில் எடுத்த சிறு மண்புழுவை நறுக்கியும் இடலாம்.

நுளம்புக் குடம்பி இதற்கு மிக விருப்பமான உணவு. கிணற்றடிச் சிரட்டையிலோ பூச்சாடித் தட்டிலோ குடம்பியைக் கண்டால் வடித்தெடுத்து மீனுக்கு இட்டு, எஞ்சிய நீரை நிலத்தில் ஊற்றிக் கலத்தைக் கவிழ்த்துவிடுக. மீனுக்காகவெனக் குடம்பி வளர்க்க முற்படுதல் கூடவே கூடாது. மாரி காலத்தில் டெங்கு பெருகும் மாவட்டம் இது; நுளம்பு பெருக இடமளித்தல் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி குற்றமுமாகும். மீன் இறந்த பின்னர் கலத்தை நீருடன் விட்டுவைத்தாலும் அதே பழி சேரும்.

நோய்

செட்டை ஓரம் கறுத்து அரிக்கப்படுமாயின் மருந்து தேடுமுன் நீரை நோக்குக. நாள்தோறும் நான்கிலொரு பங்கு நீர் மாற்றி, தீனைக் குறைத்து, 10 லீற்றருக்கு இரண்டு தேக்கரண்டி கல்லுப்பைத் தனியே கரைத்துச் சிறிது சிறிதாகச் சேர்த்து ஒரு கிழமை பார்க்கலாம். நீரை மாற்றும்போது எடுத்த நீருக்குரிய உப்பை மட்டுமே மீண்டும் இடுதல் வேண்டும். தொடக்கத்திலேயே கண்டால் பெரும்பாலும் குணமாகும். உடல் வீங்கிச் செதில்கள் வெளிநோக்கி நிமிர்ந்த மீன் பிழைப்பது அரிது. பணத்தை அதில் வீணாக்குதல் வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை

மீன் உயிரோடிருக்கின்றது, ஆகவே எங்கள் கிணறு நல்ல கிணறு என்று சிலர் சொல்வதுண்டு. இஃது ஆபத்தான முடிபு. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றே உச்ச அளவென உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது. குடாநாட்டின் தோட்டப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் அவ்வளவு மிஞ்சியிருப்பது ஆய்வுகளிற் கண்டதே. அந்நீரில் சண்டைமீன் இடரின்றி நீந்தும். அதே நீரிற் பால்மா கரைத்துக் கொடுத்த கைக்குழந்தையோ நீலம்பாரித்து உயிராபத்துக்கு உள்ளாகலாம். நைத்திரேற்று கொதிக்கவைப்பதால் நீங்குவதில்லை. சுன்னாகம் மின்நிலையச் சூழலிற் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை பற்றிய வழக்கில் 2019ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு விதித்ததையும் நமது பகுதியார் அறிவர். வீட்டிற் கைக்குழந்தையிருப்பின், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மூலம் குடிநீரைப் பரிசோதிப்பித்தல் வேண்டும்.

மீனை வளர்க்க இயலாதபோது கேணியிலோ குளத்திலோ வயல் வாய்க்காலிலோ விடலாகாது, வேண்டியவருக்குக் கொடுத்துவிடுக. திருவிழாவுக்கோ உறவினர் வீட்டுக்கோ மூன்று நான்கு நாள் செல்ல நேரின் முதல்நாள் நீர் மாற்றிவிட்டுத் தீன் எதுவும் இடாது செல்லலாம். அண்டை வீட்டாரிடம் தீன் பொதியை ஒப்படைத்தலே கூடாது. இரக்கத்தால் அவர்கள் ஒரு கைப்பிடி இட்டுவிடுவர்.