மீன் தொட்டி கற்பித்த பாடம்

"அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு" என்னும் பழமொழியைப் பள்ளிப் பருவத்தில் எழுதிப் பழகாதவர் நம் மன்றத்தில் இருக்க மாட்டார். நானும் எழுதியவன்தான். ஆனால் அதன் பொருளை நான் உள்ளபடி உணர்ந்தது சென்ற பொங்கல் விடுமுறைக்குப் பிறகே. என் அறையிலிருந்த மீன் தொட்டிதான் அதைக் கற்பித்தது. அந்தப் பாடத்துக்காகப் பதினொரு மீன்களை இழந்தேன். ஒரு நல்ல நட்பையும் இழக்க இருந்தேன்.

விடுமுறைக்கு ஊர் செல்லும்போது செடியையோ மீனையோ பக்கத்து அறை நண்பரிடம் ஒப்படைத்துச் செல்வது விடுதி மாணவரிடையே உள்ள வழக்கம். திரும்பி வந்து வெறும் தொட்டியைக் கண்டு வருந்தியவர்களும் நம்மில் உண்டு. அவர்களுக்கும், இனி ஒப்படைக்கப் போகிறவர்களுக்கும் பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

நடந்தது என்ன?

என் தொட்டி இரண்டடி நீளமும், ஓரடி அகலமும், ஓரடி உயரமும் உடையது. ஏறத்தாழ 50 லிட்டர் நீர் கொள்ளும். அதில் எட்டுக் கப்பி மீன்களும் நான்கு மோலி மீன்களும் இருந்தன. அலங்கார மீன் வளர்ப்புக்குப் பெயர்போன சென்னைக் கொளத்தூரிலிருந்து வந்தவை என்று கடைக்காரர் சொல்லி விற்றார். நம்மைப் போலவே பிழைக்க ஹைதராபாத்துக்கு வந்தவை என்று எண்ணி மகிழ்ந்தேன்.

பக்கத்து அறையில் வாரங்கல்லைச் சேர்ந்த மாணவன் ஒருவன் இருக்கிறான். என்னைவிட இரண்டு வயது இளையவன். என்னை "அன்னா" என்பான், நான் "தம்பி" என்பேன். பத்து நாட்களுக்குத் தொட்டியை அவனிடம் ஒப்படைத்தேன். எனக்குத் தெரிந்த தெலுங்கில், "காலையும் மாலையும் கொஞ்செம் தீனி போடு" என்றேன். தமிழில் 'கொஞ்சம்', தெலுங்கில் 'கொஞ்செம்'. சொல் இரு மொழிக்கும் பொது. ஆகையால் அவனுக்குப் புரிந்துவிட்டது என்று நம்பி இரயிலேறினேன்.

திரும்பி வந்தபோது தொட்டி காலியாக இருந்தது. ஒரே ஒரு மோலி மட்டும் ஒரு வாளியில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. அவன் தலை குனிந்து நின்றான். நான் வினவியதற்கு அவன் சொன்ன வரலாறு இது: ஐந்தாம் நாள் நீர் பால்போல் கலங்கிற்று. அழுக்குச் சேர்ந்துவிட்டது என்று அஞ்சி, நீர் முழுவதையும் இறைத்துவிட்டு, வடிகட்டியின் பஞ்சைக் குழாயடியில் வெள்ளை வெளேரென்று கசக்கிப் பிழிந்து, புதிய குழாய் நீரை நிரப்பினான். மறுநாள் காலையில் ஏழு மீன்கள் மிதந்தன. மிஞ்சியவற்றையாவது காப்பாற்ற வேண்டும் என்று மேலும் தீனி போட்டான். அவையும் ஒவ்வொன்றாக மாண்டன. பண்டிகை நாளில் என் மனத்தை வருத்த வேண்டாம் என்று தொலைபேசியிலும் சொல்லவில்லை.

"பத்து நாள் மீனைப் பார்த்துக்கொள்ளக்கூடவா உன்னால் முடியவில்லை?" என்று கடிந்துகொண்டேன். அவன் பதில் பேசாமல் தன் அறைக்குப் போய்விட்டான்.

நீரின் கணக்கு

மறுநாள் வாளி நீரையும் தொட்டி நீரையும் ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துச் சென்றேன். அம்மோனியாவைக் காட்டும் நெஸ்லர் கரைசலை விட்டதும் தொட்டி நீர் ஆழ்ந்த பழுப்பு மஞ்சளாயிற்று. தீனி டப்பாவைத் தராசில் வைத்தேன். புறப்படும் நாளில் திறந்த 50 கிராம் டப்பாவில் 36 கிராமே இருந்தது. பத்து நாட்களுக்கு நான் போட்டிருந்தால் 2 கிராம் செலவாகியிருக்கும்; அவன் போட்டது 14 கிராம்.

இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மீன் தீனியில் நூற்றுக்கு நாற்பது பங்கு புரதம் என்று கொள்வோம். புரதத்தில் நூற்றுக்குப் பதினாறு பங்கு நைட்ரஜன். எனவே 1 கிராம் தீனியில் 64 மில்லிகிராம் நைட்ரஜன் உண்டு. மீன் தின்னாத தீனி அழுகினால் இதன் பெரும்பகுதி அம்மோனியாவாகிறது. தின்றாலும் தப்பில்லை; மீன்கள் புரதக் கழிவைப் பெரும்பாலும் அம்மோனியாவாகவே செவுள் வழியே வெளியேற்றுகின்றன. முழுவதும் அம்மோனியாவானால், 50 லிட்டர் தொட்டியில் 1 கிராம் தீனி லிட்டருக்கு ஏறத்தாழ 1.3 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனைச் சேர்த்துவிடும்.

நீரில் அம்மோனியா இரு வடிவங்களில் இருக்கிறது. அம்மோனியம் அயனி அதிகத் தீங்கு செய்யாது. அயனியாகாத அம்மோனியாவோ கொடிய நஞ்சு. 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில், நீரின் பி.எச். மதிப்பு 7 ஆனால், நஞ்சு வடிவம் நூற்றுக்கு அரைப் பங்கு அளவே. பி.எச். 8 ஆனால் அது நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் உயர்கிறது. அஃதாவது ஏறத்தாழ பத்து மடங்கு! லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் அளவிலேயே இந்நஞ்சு மீனின் செவுளைப் புண்ணாக்கத் தொடங்கும். ஆகவே பி.எச். 8 உள்ள நீரில் ஒரே நாள், ஒரே கிராம் மிகுதியாகப் போட்டாலும் எல்லை கடந்துவிடுகிறது. அன்போடு அள்ளிப் போட்ட தீனியே நஞ்சாயிற்று.

கண்ணுக்குத் தெரியாத வேலையாட்கள்

அப்படியானால் மற்ற நாட்களில் மீன்கள் எவ்வாறு உயிர் வாழ்ந்தன? அதற்கு விடை அந்த அழுக்குப் பஞ்சில் இருக்கிறது. இங்கே ஒரு சுவையான வரலாற்றைச் சொல்ல வேண்டும்.

இங்கிலாந்தில் இராபர்ட் வாரிங்டன் என்னும் இரசாயன அறிஞர் 1849 ஆம் ஆண்டில் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டு தங்க மீன்களையும் ஒரு நீர்ச்செடியையும் வளர்த்தார். செடி பிராணவாயுவைத் தந்தது. ஆனால் அழுகிய இலைகள் நீரைக் கெடுத்தன. அவற்றைத் தின்ன நத்தைகளை விட்டதும் நீர் தெளிந்தது. செடி, மீன், நத்தை மூன்றும் ஒன்றையொன்று தாங்குகின்றன என்று 1850 இல் எழுதினார். கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கும் கலை பரவ இது ஒரு பெரிய காரணம். நம் சென்னைக் கடற்கரையிலும் 1909 ஆம் ஆண்டிலேயே பொதுமக்களுக்கான மீன் காட்சிச்சாலை திறக்கப்பட்டது.

ஆனால் வாரிங்டன் காணாத நான்காவது கூட்டாளி ஒன்று உண்டு. அதை ஆராயும் பணி, அதே பெயர் கொண்ட அவருடைய மகனுக்கு வாய்த்தது! 1877 இல் பிரான்சு நாட்டின் ஷ்லோசிங், மியூன்ட்ஸ் என்னும் இருவர் கழிவுநீரை மணல் நிரப்பிய குழாயில் மெல்ல வடியவிட்டனர். சில நாட்கள் கழித்து அம்மோனியா மறைந்து நைட்ரேட் தோன்றிற்று. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியதும் அம்மாற்றம் நின்றுபோயிற்று. ஆகவே இது உயிர்களின் வேலை என்பது தெளிவாயிற்று. மகன் வாரிங்டன் ராத்தாம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் இதைத் தொடர்ந்து ஆராய்ந்து, மாற்றம் இரண்டு படிகளில் நிகழ்கிறது என்று காட்டினார். 1890 இல் ருஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி அந்த நுண்ணுயிர்களைத் தனியே பிரித்தெடுத்தார். முதற்கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும். அடுத்த கூட்டம் அதை நைட்ரேட்டாக்கும். நைட்ரைட்டும் மீனுக்குத் தீயதே. இரத்தத்தின் பிராணவாயு சுமக்கும் ஆற்றலை அது கெடுக்கிறது. நைட்ரேட்டோ பெரிதும் தீங்கற்றது. இரு படிகளையும் தனியே செய்து முடிக்கும் பாக்டீரியாவும் உண்டு என்று 2015 இல் கண்டறிந்துள்ளனர்.

இந்த வேலையாட்கள் நீரில் அதிகம் மிதப்பதில்லை. பஞ்சிலும் மணலிலும் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றனர். மெல்லப் பெருகுபவர்களாதலால், புதுத் தொட்டியில் போதிய அளவு குடியேற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். நாம் அழுக்கு என்று கருதும் பழுப்பு நிறப் பஞ்சுதான் தொட்டியின் ஈரல் என்று சொல்லலாம். அதை வெளுக்கத் துவைப்பது தொட்டியின் ஈரலை அறுப்பதற்கு ஒப்பாகும்.

குழாய் நீர்

ஒரே இரவில் ஏழு மீன்கள் இறந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. 1908 ஆம் ஆண்டு மூசி ஆற்று வெள்ளத்துக்குப் பின் கட்டப்பட்ட உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் ஏரிகளோடு, இப்போது மஞ்சீரா, கிருஷ்ணா, கோதாவரி நீரும் இந்நகருக்கு வருகிறது. எங்கிருந்து வந்தாலும் நோய்க்கிருமிகளை ஒழிக்கக் குளோரின் கலந்தே குழாயில் விடுகிறார்கள். குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது எஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியக் குடிநீர்த் தரம். அது நமக்கு நன்மை. மீனுக்கோ அதனினும் குறைந்த அளவே செவுளை வேகச் செய்துவிடும். பஞ்சிலுள்ள நுண்ணுயிர்களையும் அது கொல்லும்.

நான் எப்போதும் ஒரு வாளி நீரை ஒரு நாள் திறந்து வைத்திருந்து, குளோரின் வெளியேறிய பிறகே ஊற்றுவேன். நான்கில் ஒரு பங்கு நீரையே மாற்றுவேன். பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரில்தான் அலசுவேன். இவற்றில் ஒன்றையாவது அவனிடம் சொன்னேனா? இல்லை. அவன் கண்டதெல்லாம் மூலையில் கிடந்த ஒரு வாளி.

பெரிய இடத்திலும் இதே கதை

அறிஞர் பலர் காத்துவரும் இடங்களும் இதற்கு விலக்கல்ல. 2005 ஆகஸ்டில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரைக் கத்ரீனா புயல் தாக்கியபோது, அங்குள்ள ஆடுபான் மீன் காட்சிச்சாலையின் கட்டிடம் பெருஞ்சேதமின்றித் தப்பியது. ஆனால் மின்சாரம் நின்றது. ஊழியர்கள் வெளியேற நேர்ந்தது. மாற்று மின்னாக்கியும் பழுதாயிற்று. அங்கிருந்த சுமார் 10,000 மீன்களில் பெரும்பாலானவை மாண்டன. கண்ணாடி உடையவில்லை, நீர் கொட்டவில்லை. நீரை ஓட்டிப் பிராணவாயு ஊட்டும் வேலை நின்றதே போதுமானதாயிற்று. அடுத்த ஆண்டுதான் அது மீண்டும் திறக்கப்பட்டது. மீனைக் காப்பது என்பது மீனுள்ள நீரைக் காப்பதே என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுமோ?

ஒப்படைக்கும் முறை

விடுமுறைக்குச் செல்லும் நண்பர்கள் பின்வருவனவற்றை நினைவிற்கொள்க.

முதலாவது, ஒரு வாரம்வரை வெளியூர் செல்வதானால் வளர்ந்த, நோயற்ற மீன்களுக்குத் தீனியே வேண்டாம். மீன் குளிர் இரத்தப் பிராணி. உடலைச் சூடாக வைத்திருக்க நம்மைப்போல் அது உணவைச் செலவிடுவதில்லை. சிறு குஞ்சுகளுக்கு மட்டும் இவ்விதி பொருந்தாது.

இரண்டாவது, அதற்கு மேற்பட்டால், ஒரு நாள் விட்டு ஒரு நாளுக்கான தீனியைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, மேலே தேதி எழுதி வைக்கவும். டப்பாவை ஒளித்துவிடுக. 'கொஞ்சம்' என்னும் சொல்லை நம்ப வேண்டாம்.

மூன்றாவது, புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பே நான்கில் ஒரு பங்கு நீரை மாற்றிவிடுக. புறப்படும் நாளில் புதிய மீன் எதையும் விட வேண்டாம்.

நான்காவது, பஞ்சைக் கழுவ வேண்டாம் என்றும், காற்றுக் குழாயை நிறுத்த வேண்டாம் என்றும், ஏன் என்ற காரணத்தோடு சொல்லுக. காரணம் அறியாதவர் நல்லெண்ணத்தாலேயே விதியை மீறுவர்.

ஐந்தாவது, நீர் கலங்கினால் தீனியை நிறுத்திவிட்டு உடனே தொலைபேசியில் அழைக்கச் சொல்லுக. ஒரு நாள் வைத்திருந்த நீர் ஒரு வாளி எப்போதும் தயாராக இருக்கட்டும். மீன் இறந்தாலும் நட்புக்குக் குறைவில்லை என்பதையும் சொல்லிவிட்டுச் செல்லுக. அந்த அச்சமே என் நண்பனின் வாயை அடைத்தது.

கணக்கை முடித்த அன்றிரவே அவன் அறைக் கதவைத் தட்டினேன். "தம்பி, குற்றம் என்னுடையது. மீனை உன்னிடம் தந்தேன், நீரைத் தரவில்லை" என்று சொல்லி, தாளில் எழுதிய கணக்கைக் காட்டினேன். அவன் அதை இரண்டு முறை படித்தான். "அப்படியானால் ஏழு மீன் குளோரினால், நான்கு மீன் அம்மோனியாவால். சரிதானா, அன்னா?" என்று கேட்டான். இருவருமாகவே தொட்டியை மீண்டும் அமைத்தோம். நுண்ணுயிர்கள் குடியேறும்வரை வாரந்தோறும் நீரைச் சோதித்தோம். அம்மோனியாவும் நைட்ரைட்டும் மறைந்த பிறகே, வாளியில் தப்பிய மோலிக்குத் துணையாக ஆறு மீன்கள் வாங்கினோம்.

கோடை விடுமுறையில் நான் பன்னிரண்டு நாட்கள் ஊர் சென்றேன். ஆறு பொட்டலங்கள் கட்டி வைத்தேன். திரும்பி வந்தபோது ஏழு மீன்களும் நீந்திக்கொண்டிருந்தன. மேசைமேல் இரண்டு பொட்டலங்கள் பிரிக்கப்படாமல் இருந்தன. "பசித்ததாகத் தெரியவில்லை, அன்னா" என்றான் அவன்.