மருந்து தொடங்கியபின் நோய் பெருகுவது ஏன்?

மருந்து உண்ணத் தொடங்கிய மூன்றாம் வாரத்தில் நோயாளியின் நிலை முன்னைவிட மோசமாகிவிட்டால் கிராமத்தில் என்ன பேசப்படும்? மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள்; உஷ்ணம் ஏறிவிட்டது என்பார்கள்; ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்திவிட்டு வேறு வைத்தியம் பார்க்கலாம் என்று உறவினர் யோசனை கூறுவார்கள். இவ்விதம் மாத்திரையை நிறுத்தியதால் வீணே போன உயிர்கள் உண்டு. எச்.ஐ.வி. கிருமியால் பீடிக்கப்பட்டு, அதனோடு காசநோயும் சேர்ந்துள்ளவர்களிடம் இந்த நிலை அடிக்கடி காணப்படுகிறது. எதிர்ப்புச் சக்தி மீளும்போது உண்டாகும் அழற்சி என்பது இதன் பொருள். மருத்துவர்கள் சுருக்கமாக 'ஐரிஸ்' என்பர். பஞ்சாயத்து அங்கத்தினர்களும் குடியானவர்களும் இஃது இன்னதென்று அறிந்திருப்பது அவசியம்.

நம் இரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்களில் சி.டி.4 எனப்படும் ஒரு வகை உண்டு. கிருமி உட்புகுந்தால் மற்ற அணுக்களுக்குத் தாக்கீது அனுப்பிப் போரை நடத்துபவை இவையே. சுகதேகியின் இரத்தத்தில் ஒரு கன மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 500 முதல் 1,500 வரை இவை இருக்கும். எச்.ஐ.வி. இவற்றையே குறிவைத்து அழிக்கிறது. எண்ணிக்கை 200-க்குக் கீழ் இறங்கினால் நோய் முற்றிவிட்டதாகக் கொள்வர். 50-க்கும் கீழே சென்றபின் ஆஸ்பத்திரிக்கு வருவோரும் உளர். அந்நிலையில் காசநோய்க் கிருமி உள்ளே பெருகினாலும் உடல் அதனை எதிர்ப்பதில்லை. ஆதலால் நோயின் அடையாளங்களும் அவ்வளவாக வெளியில் தெரிவதில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். காய்ச்சல், வீக்கம், சீழ் ஆகியவற்றில் பெரும்பகுதி கிருமி நேராகச் செய்வதன்று. கிருமியோடு உடல் பொருதுவதால் எழுவது. காவற்காரன் இல்லாத களத்துமேட்டில் திருடர் ஓசையின்றி நெல்லை அள்ளிச் செல்வர். காவற்காரன் திரும்பிய இரவில்தான் கூச்சலும் அடிதடியும் கேட்கும். எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தை உண்ணத் தொடங்கியதும் சில வாரங்களில் அக்கிருமி மளமளவென்று குறைகிறது, சி.டி.4 அணுக்கள் மீளுகின்றன. மீண்ட அணுக்கள் உள்ளே பதுங்கியிருக்கும் காசநோய்க் கிருமிகளின்மீது மட்டுமின்றி, மருந்தால் செத்துக் கிடக்கும் கிருமிகளின் மிச்சத்தின்மீதும் அளவுக்கு மீறிப் பாய்கின்றன. ஐரிஸ் என்பது இதுதான். நோயாளி படும் வேதனை மெய். ஆயினும் மருந்து தோற்றுவிட்டதற்கு அது அடையாளம் அன்று.

இது இரு விதமாக வரும். காசநோய்க்கு முன்னரே மருந்துண்டு தேறி வந்தவருக்குக் கூட்டு மருந்தைத் தொடங்கியபின் காய்ச்சல் மீண்டும் அடித்து, கழுத்தில் நெறி கட்டிப் பெருத்து, இருமலும் மூச்சுத் திணறலும் கூடுவது ஒரு விதம். காசநோய் இருப்பதே தெரியாமல் கூட்டு மருந்தைத் தொடங்க, மறைந்திருந்த நோய் திடீரென்று சீற்றத்துடன் வெளிப்படுவது மற்றொன்று. இந்த இரண்டாம் விதத்தைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். கூட்டு மருந்து தொடங்குமுன் இருமல், காய்ச்சல், எடை குறைதல், இரவில் வியர்த்தல் ஆகிய நான்கும் உண்டா என்று விசாரிப்பார்கள். நோயாளி கூச்சப்பட்டோ, வேலை கெடுமென்றோ இவற்றை மறைக்கலாகாது.

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாக 1986-இல் சென்னையில் கண்டறியப்பட்டது. அந்நாட்களில் அதற்குத் தக்க மருந்து இல்லை. பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை 1996-க்குப் பின்னர் மேல்நாடுகளில் பரவியது. நம் நாட்டில் 2004 ஏப்ரல் முதல் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இம்மருந்து இலவசமாகக் கிடைத்து வருகிறது. முதலில் தொடங்கிய இடங்களுள் தாம்பரம் காசநோய் ஆஸ்பத்திரியும் ஒன்று. மருந்து பரவியபின்னரே ஐரிஸும் எங்கும் பேசப்படலாயிற்று. மீளுவதற்கு எதிர்ப்புச் சக்தி வேண்டுமல்லவா!

காசநோயும் எச்.ஐ.வி.யும் உள்ள நூறு பேர் கூட்டு மருந்து தொடங்கினால் அவர்களில் 15 முதல் 20 பேர்வரை ஐரிஸுக்கு உள்ளாகலாம். பெரும்பாலோருக்கு முதல் நான்கு வாரங்களுக்குள் காணும். மூன்று மாதம் கழித்து வருவது குறைவு. சி.டி.4 மிகக் குறைந்திருந்தவர்களுக்கும், காசநோய் உடலெங்கும் பரவியிருந்தவர்களுக்கும், இரு மருந்துகளையும் நெருக்கமாகத் தொடங்கியவர்களுக்கும் இது வரும் வாய்ப்பு அதிகம்.

அப்படியானால் காசநோயை முழுவதும் தீர்த்துவிட்டுக் கூட்டு மருந்தைப் பின்னர் தொடங்கலாமே என்று தோன்றும். நியாயமான கேள்விதான், மருத்துவர்களும் நெடுநாள் இதைக் கேட்டு வந்தனர். கம்போடியா நாட்டில் 661 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஓர் ஆராய்ச்சியின் முடிவு 2011-இல் வெளியாயிற்று. அவர்கள் மிக மெலிந்த எதிர்ப்புச் சக்தி உடையவர்கள். காசநோய் மருந்து தொடங்கி இரண்டு வாரத்தில் பாதிப்பேருக்கும், எட்டு வாரத்தில் மற்றவர்க்கும் கூட்டு மருந்து கொடுக்கப்பட்டது. விரைவில் தொடங்கியவர்களிடம் ஐரிஸ் இரு மடங்குக்கும் மேலாகக் கண்டது. ஆயினும் இறந்தவர்களை எண்ணிப் பார்த்தால், விரைவில் தொடங்கிய 332 பேரில் 59. தாமதித்த 329 பேரில் 90. காய்ச்சலுக்கும் வீக்கத்துக்கும் அஞ்சிக் காத்திருப்பது அதிக உயிரைக் கொள்ளுகிறது என்று இதனால் விளங்குகிறது. எனவேதான் இந்நாளில் முதலில் காசநோய் மருந்தும், அதன்பின் இரு வாரங்களுக்குள் கூட்டு மருந்தும் தொடங்குகிறார்கள். மூளையுறையில் காசநோய் தாக்கியிருந்தால் மட்டும் நான்கு முதல் எட்டு வாரம் பொறுப்பர். மூளை மண்டையோட்டுக்குள் அடைபட்டது. அங்கே வீங்க இடமில்லை.

மருந்து தொடங்கிய நோயாளிக்கு மீண்டும் காய்ச்சல் கண்டால் அது ஐரிஸ்தான் என்று நாமே முடிவு கட்டுவதும் தவறு. ஐரிஸைக் காட்டும் தனிப் பரிசோதனை ஒன்றும் கிடையாது. மாத்திரையை ஒழுங்காக உண்டாரா, காசநோய்க் கிருமி மருந்துக்கு அடங்காத வகையா, புதிதாக வேறு நோய் தொற்றியதா, மருந்தினால் ஒவ்வாமையா என்று ஒவ்வொன்றாக விலக்கிய பிறகே மருத்துவர் ஐரிஸ் என்று தீர்மானிப்பார். ஆகையால் செய்யத்தக்கது, மாத்திரையை விடாமல் உண்டுகொண்டே கூட்டு மருந்து மையத்துக்கு உடனே செல்வது. கடுந்தலைவலி, ஓயாத வாந்தி, கழுத்து விறைப்பு, நினைவு தடுமாறல், பார்வை மங்கல், மூச்சு முட்டல் இவற்றில் ஒன்று கண்டாலும் பொழுது விடியட்டும் என்று காத்திராமல் 108 வண்டியை அழைக்க வேண்டும். தோலில் கொப்புளமோ, கண்ணில் மஞ்சளோ கண்டாலும் அன்றைக்கே காட்ட வேண்டும். அது மருந்தின் தீங்காக இருக்கக் கூடும், அவ்விதமானால் மாற்று மருந்து உண்டு.

இலேசான ஐரிஸ் தானாகவே தணியும். வலிக்கும் காய்ச்சலுக்கும் மாத்திரை போதும். சீழ் கொண்ட நெறியை ஊசியால் உறிஞ்சி எடுப்பார்கள். கடுமையாக இருந்தால் பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரையைச் சில வாரங்களுக்குக் கொடுத்து, படிப்படியாகக் குறைப்பார்கள். இம்மருந்தை ஐரிஸ் வருமுன்பே அளவாகக் கொடுத்தால் அது வருவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று தென்னாப்பிரிக்காவில் நடந்து 2018-இல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. ஆனால் கடைத்தெருவில் கேட்டு வாங்கி உண்ணத்தக்க மருந்தன்று அது. காசநோய்க் கிருமி மருந்துக்கு அடங்காத வகையாயிருந்தால் நோயை ஊதிப் பெருக்கிவிடும். எச்.ஐ.வி. மருந்தை நிறுத்துவதோ உயிருக்கே ஆபத்தான வெகு சில சமயங்களில் மட்டும், அதுவும் மருத்துவர் தீர்மானத்தினால். நினைத்தபோது நிறுத்தித் தொடங்கினால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும்; பிறகு அதே மாத்திரை பயன்படாது.

தொழுநோய் கண்ட குடும்பங்களுக்கு இதைப் போன்ற ஒன்று பழைய அனுபவம். கூட்டு மருந்து உண்ணும்போதே படைகள் சிவந்து வீங்கி, நரம்பு வலித்து, விரல்கள் பலமிழக்கும். அதுவும் எதிர்ப்புச் சக்தி எழும்பிக் கிருமியோடு பொருதுவதன் விளைவே. அங்கும் மருந்தை நிறுத்துவதில்லை; நரம்பு கெடுமுன் ஸ்டீராய்டு தொடங்கினால் கைகால் பிழைக்கும். சில வாரம் தாமதித்தால் ஊனம் நிலைத்துவிடும்.

பஞ்சாயத்தார் செய்யக்கூடியது அதிகம். அதே அளவு செய்யக் கூடாததும் உண்டு. ஒருவருக்கு எச்.ஐ.வி. உள்ளதென்பதை அவர் சம்மதமின்றி வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அச்சட்டம் 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. வேலையிலோ, பள்ளியிலோ, வாடகை வீட்டிலோ ஒருவரை இதன் காரணமாக விலக்குவதையும் அது தடுக்கிறது. எனவே கூட்டத்தில் பெயர் சொல்லிப் பரிவு காட்டும் வழக்கம் இங்கு வேண்டாம். மெலிந்து கிடக்கும் ஒருவர் நம்பி வந்து சொன்னால், நம்பிக்கை மையத்துக்கு அவரை அழைத்துச் செல்லலாம்; வழி கேட்க 1097 என்ற இலவசத் தொலைபேசியும் உண்டு. காசநோய் மருந்துண்போருக்கு ஊட்டச் சத்துக்காகச் சர்க்கார் தரும் தொகை 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய். அது வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்ததா என்று கிராம சுகாதாரச் செவிலியர் மூலம் விசாரிக்கலாம். மருந்து தொடங்கிய முதல் மூன்று மாதமே இடர் மிகுந்த காலம். அறுவடையோ நடவோ நடக்கும் நாட்களில் மையத்துக்குச் செல்ல ஒரு நாள் கூலியை இழக்க அவர் தயங்கினால், அந்தக் கூலிக்கும் பஸ் சத்தத்துக்கும் காதும் காதும் வைத்தாற்போல வழி செய்துவிட வேண்டும்.