ஒன்று மட்டும் தனித்து நிற்கட்டும்

அபிராமபுரத்தில் மளிகை மொத்த வியாபாரம் செய்து வருகிறேன். விலைப்பலகை எழுதுவதில் நான் பட்டறிந்த பாடம் ஒன்றை இங்கே சொல்ல விரும்புகிறேன்.

ஒரு சமயம் 20 மூட்டை ரவை தேங்கிவிட்டது. வைத்திருந்தால் வண்டு வைத்துவிடும். விலையைக் குறைத்துப் பலகையில் எழுதினேன். சில்லறைக் கடைக்காரர்கள் பலகைக்கு எதிரில் நின்றுகொண்டே, "அண்ணாச்சி, ரவை என்ன விலை?" என்று கேட்டார்கள், பலர் கேட்காமலே போனார்கள். காரணம் பிறகுதான் புரிந்தது. பலகையில் 16 சரக்குகள். பதினாறும் சிவப்பில், பெரிய எழுத்தில், அடிக்கோட்டுடன் இருந்தன. எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினால் யார் பேச்சு காதில் விழும்?

பலகையைத் துடைத்தேன். எல்லாவற்றையும் வெள்ளைச் சாக்பீஸால் ஒரே அளவில் வரிசையாக எழுதினேன். ரவையை மட்டும் மஞ்சளில், வரிசையை விட்டுத் தள்ளி, சுற்றிலும் இடம் விட்டு எழுதினேன். அந்த வாரமே மூட்டைகள் போயின.

ஒரே மாதிரியானவற்றின் நடுவே மாறுபட்டு நிற்பதுதான் மனதில் தங்கும் என்பதை ஹெட்விக் ஃபான் ரெஸ்டார்ஃப் என்ற ஜெர்மானிய அம்மையார் 1933-லேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

நாம் விற்கும் பாக்கெட்டிலும் ஒரு பாடம் உண்டு. முன்பு சைவத்துக்குப் பச்சை வட்டம், அசைவத்துக்குப் பழுப்பு வட்டம். இந்த இரண்டு நிறங்களையும் பிரித்தறிய இயலாதவர்கள் உண்டு. சைவம் உண்பவர் தெரியாமல் அசைவத்தை வாங்கிவிடலாம் அல்லவா? 2020-ஆம் ஆண்டின் விதிகளில் அசைவக் குறி முக்கோணமானது. நிறத்தை மட்டும் நம்பாமல் வடிவத்தையும் மாற்றினார்கள்.

நாம் கடைப்பிடிக்க வேண்டியவை:

1. முதலில் ஒழுங்கு. மற்றவை சீராக இருந்தால்தான் ஒன்று தனித்துத் தெரியும்.

2. ஒரு பலகைக்கு ஒரு சரக்குதான். இரண்டாவதையும் தூக்கிக் காட்டினால் இரண்டும் அடிபடும்.

3. நிறத்தோடு எழுத்தின் அளவையோ, இடத்தையோ சேர்த்து மாற்றுங்கள்.

4. சரக்கு விற்றதும் அழித்துவிடுங்கள். நாள்தோறும் அங்கேயே இருந்தால் கண் பழகிவிடும்.

5. காலாவதி நெருங்கியதால் விலை குறைத்தீர்களானால், தேதியையும் அதே பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

கடைசியாகச் சொன்னது முக்கியம். வாடிக்கையாளரின் கண்ணை நாம் ஒருமுறை இழுக்கலாம். ஏமாந்தவர் மறுமுறை நம் கடைப்படி ஏற மாட்டார்.