பழைய பட்டறைக் கருவிகளை வாங்குவதும் சீராக்குவதும்

தச்சுத் தொழில் கற்க விரும்பும் தோட்டத்து இளைஞருக்கும், ஓய்வு பெற்றபின் கைத்தொழில் ஒன்றைத் தொடங்க எண்ணும் பெரியவர்க்கும் முதலில் எதிர்ப்படும் தடை கருவிகளின் விலையே ஆகும். புதியவற்றுள் மலிவானவை விரைவில் பழுதுபடுகின்றன. தரமானவையோ எட்டாத விலையில் உள்ளன. இந்நிலையில், ‘பெசி புரோக்’ என்று நாம் வழங்கும் பழைய இரும்புக் கடைகளிலும், பினாங்கின் லோரோங் கூலிட் போன்ற பழம்பொருள் சந்தைகளிலும் கிடைக்கும் கருவிகள் கைகொடுக்கக் கூடும். ஆயினும், எதை வாங்குவது, எதை விடுவது என்று அறியாமற் செல்பவர் சேமித்த பணத்தை இழந்து திரும்புவார்.

முதலில் மனத்திற் கொள்ள வேண்டியது யாதெனில், துரு வேறு, விரிசல் வேறு என்பதே. மேலாகப் படிந்த துருவை ஓர் இரவில் நீக்கிவிடலாம். வார்ப்பிரும்பில் விழுந்த விரிசலை வீட்டில் எவராலும் சீராக்க இயலாது. பளபளவென்று வண்ணம் பூசி வைத்திருக்கும் கருவியைவிடத் துருவோடு கிடக்கும் கருவியே நம்பத்தக்கது என்பது நம் கருத்து. ஏனெனில், வண்ணம் விரிசலை மறைக்கும், துரு மறைப்பதில்லை.

இரும்பு இழைப்புளியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அமெரிக்கரான லெனார்டு பெய்லி அமைத்த இழைப்புளியின் உரிமைகளை ஸ்டான்லி நிறுவனம் 1869இல் வாங்கியது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரிலிருந்து ‘ரெக்கார்டு’ இழைப்புளிகள் 1931 முதல் வந்தன. இரண்டும் ஒரே அமைப்பை உடையவை. பொதுவாகக் காணப்படும் நான்காம் எண் இழைப்புளி சுமார் 9½ அங்குல நீளமும், 2 அங்குல அகல அலகும் கொண்டது.

கடையில் அதைக் கையில் எடுத்தவுடன் அலகையும் மேல்மூடியையும் கழற்றித் தருமாறு கேளுங்கள். கழற்ற மறுக்கும் கடைக்காரரிடம் வாங்க வேண்டுவதில்லை. அலகு வெளிவரும் வாய்ப்பகுதியின் இரு மூலைகளையும், பக்கச் சுவர்களையும் வெளிச்சத்தில் பாருங்கள். விரிசல் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். அடுத்து, அலகைத் திருப்பி அதன் தட்டையான பின்புறத்தை ஆராயுங்கள். வெட்டுமுனையருகே துரு ஆழமாகக் குழி பறித்திருந்தால், அக்குழிகள் மறையும்வரை தேய்ப்பதற்குள் அலகின் பெரும்பகுதி வீணாகிவிடும். திருகாணிகள் எல்லாம் உள்ளனவா என்றும் எண்ணிப் பாருங்கள். ஸ்டான்லியின் திருகாணிகள் சில தனிப்பட்ட மறையளவு கொண்டவை; இன்றைய கடையில் வாங்கும் திருகாணி அவற்றிற்குப் பொருந்தாது. கைப்பிடி உடைந்திருந்தால் கவலை வேண்டாம். அதை நல்ல மரத்தில் செதுக்கிக்கொள்ளலாம்.

பட்டறை வைஸ் என்றால் வாயை முழுவதும் திறந்து மூடிப் பார்த்து, திருகுமறை தேய்ந்திருக்கிறதா என்று அறிக. ரம்பத்தைக் கண்ணுக்கு நேரே நீட்டிப் பிடித்து, நடுவே மடிந்த தடம் உண்டா என்று பார்த்தால் போதும். ஆனால் சாணை இயந்திரத்தின் பழைய கல்லை மட்டும் எவ்விலைக்கும் வாங்கிப் பயன்படுத்தாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் கொண்ட கல், வேகமாகச் சுழலும்போது சிதறி உயிரையே பறித்துவிடும். இயந்திரம் நல்லதாயின், கல்லை எறிந்துவிட்டுப் புதியது பூட்டுக. மின்கம்பியைத் தகுதி பெற்ற மின்பணியாளரிடம் காட்டுக.

மற்றொன்று. பழைய தொழிலாளர் தம் பெயரின் முதலெழுத்தைக் கருவியில் பொறிப்பது வழக்கம். பிரிட்டிஷ் அரசாங்கப் பொருள்களில் அம்புக்குறி இருக்கும். இவை குற்றமல்ல. ஆனால், இன்றும் இயங்கும் தோட்டத்தின் அல்லது தொழிற்சாலையின் பெயர் புதிதாய் அழிக்கப்பட்டிருந்தால் விலகிச் செல்லுங்கள். திருட்டுப் பொருளென்று அறிந்தும் நேர்மையற்று வாங்குவது தண்டனைச் சட்டத்தின் 411ஆம் பிரிவின்கீழ்க் குற்றமாகும். பழம்பொருள் வணிகர் 1946ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் பெற்றிருத்தல் வேண்டும். உரிமம் உள்ள கடையில் வாங்கி, ரசீதும் கேட்டுப் பெறுக.

இனிச் சீராக்கும் முறை. இறுகிய திருகாணிகளுக்கு எண்ணெய் விட்டு ஓர் இரவு காத்திருந்து, பொருத்தமான அளவுள்ள திருப்புளியால் கழற்றுக. மரப்பிடிகளையும் பித்தளைப் பகுதிகளையும் தனியே வைத்துவிட்டு, இரும்புப் பகுதிகளைச் சமையல் வினிகரில் மூழ்க வைக்க வேண்டும். சில மணிக்கொருமுறை எடுத்துத் துலக்கிப் பார்க்கவும்; ஒரு நாளுக்கு மேல் விடலாகாது.

இங்கு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. மலாயில் ‘சூக்கா’ என்பது சமையல் வினிகர். ‘சூக்கா கெத்தா’ என்பது பால் உறையவைக்கும் அமிலம். முன்னது ஏறத்தாழ 5 விழுக்காட்டு அமிலமே கொண்டது. பின்னது பெரும்பாலும் பார்மிக் அமிலம், சில இடங்களில் கந்தக அமிலம். கலக்காத நிலையில் தோலைப் புண்ணாக்கும், கண்ணைப் பறிக்கும். பெயர் ஒத்திருப்பதால் துரு நீக்க அதை எடுத்துவரும் எண்ணமே கூடாது. வினிகரையும் பெயரெழுதிய புட்டியில், குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

வினிகரிலிருந்து எடுத்த இரும்பைச் சமையல் சோடா கரைத்த நீரில் கழுவி, வெயிலில் உலர்த்தி, உடனே எண்ணெய் பூசுக. நம் நாட்டு ஈரக்காற்றில் சில நிமிடங்களிலேயே புதுத்துரு பூக்கும். பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கலாமாதலால், அதை உலரத் தேய்த்துத் தூளாக்கக் கூடாது.

அடிப்பாகத்தைச் சமனாக்க, தடித்த கண்ணாடியின்மேல் மணல்தாளை ஒட்டுக. அலகை உள்ளே இழுத்து, ஆனால் மூடியை இறுக்கிய நிலையிலேயே தேய்க்க வேண்டும். முன்னதாக அடியில் பென்சிலால் கோடுகள் இடுங்கள். முன்முனை, வாயின் சுற்றுப்புறம், பின்முனை ஆகிய மூவிடத்தும் கோடுகள் மறைந்தால் நிறுத்தலாம். முழுவதும் கண்ணாடிபோல் மின்னவேண்டும் என்று உழைப்பது வீண்.

அலகைத் தீட்டுவதில் தோட்டத் தொழிலாளர்க்கு நாம் அதிகம் கற்பிக்கத் தேவையில்லை. நாள்தோறும் பால் உளியைத் தீட்டி, அதன் கூர்மையை மரப்பட்டையிலேயே அறிபவர்கள் நீங்கள். வேறுபாடு சிறிதே. பின்புறம் முனையருகே முற்றும் தட்டையாக வேண்டும். சரிவு 25 பாகை, கடைசித் தீட்டு 30 பாகை. விரலால் தடவும்போது பின்புறத்தில் நுண்ணிய பிசிறு தட்டுப்பட்டால், அதைத் தட்டையாக வைத்து நீக்குக. இயந்திரச் சாணையில் முனை நீலநிறமாக மாறிவிட்டால் எஃகின் வலிமை போய்விட்டது என்று பொருள். அப்பகுதியை நீக்கியே ஆகவேண்டும். ஆதலால் அடிக்கடி நீரில் தோய்த்துக் குளிர்விக்கவும்.

எல்லாவற்றையும் பூட்டி, ரப்பர் மரப்பலகைத் துண்டொன்றில் இழைத்துப் பாருங்கள். சீவல் அறுபடாமல் சுருண்டு வருமாயின் கருவி ஆயத்தம். மரப்பிடிக்கு ஆளிவிதை எண்ணெய் பூசலாம். ஆனால் அவ்வெண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கி மூலையில் போட்டுவிடாதீர்கள். அது தானே சூடேறித் தீப்பற்றக் கூடியது. வெளியில் விரித்து உலர்த்துக, அல்லது நீரில் நனைத்து எறிக.